ஞாயிறு மதியம் உள்ளே நுழையுங்கள்: டெக்சஸ் பூங்காக்களில் குளிர்காலக் கூடாரவாசம்

என்சாண்டட் ராக் பாறைக்கு மார்ச் மாதத்துச் சனிக்கிழமை போனவரும் ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை போனவரும் பேசிக்கொண்டால், இருவரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறார்கள் என்று நம்ப முடியாது. முதலாமவரைப் பூங்கா நிரம்பிவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். உள்ளே விட்டிருந்தாலும் பாறை முழுக்கத் தேர்த்திருவிழாக் கூட்டம். இரண்டாமவர் 425 அடி உயர இளஞ்சிவப்புக் கருங்கல் குன்றின் உச்சியில், வட்டமிடும் கழுகைப் பார்த்தபடி ஆரஞ்சு உரித்துத் தின்றிருப்பார். குளிர்கால மழையில் பாறைக் குழிகளில் தேங்கிய நீரைக் குனிந்து பார்த்திருந்தால், கண்ணாடி போன்ற உடம்போடு நீந்தும் சின்னஞ்சிறு இறால்களும் தெரிந்திருக்கும். குழி காய்ந்துபோனாலும் அவற்றின் முட்டைகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். கூட்ட நாளில் அந்தக் குழிகளைச் சுற்றிச் செருப்புக் கால்கள்தான் தெரியும்.

எந்தப் பூங்கா அமைதியானது என்று புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்பார்கள். எந்த நாள் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். டல்லாஸ் பக்கம் குடியிருந்துகொண்டு பதினோரு குளிர்காலமாகக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். டெக்சஸில் எண்பதுக்கும் மேற்பட்ட மாநிலப் பூங்காக்கள் இருக்கின்றன. நாளைச் சரியாகப் பிடித்தால் அவற்றில் பெரும்பாலானவை அமைதியானவையே. அந்த நாளில் குளிரும், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் பாதி நாளைப் பிடிப்பதைப் பற்றியது. மீதி, குளிரைச் சமாளிப்பதைப் பற்றியது.

முதலில் நாளைக் குறியுங்கள்

கோடையில் வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலும் பள்ளி விடுமுறை என்பதால் ஆறும் ஏரியும் உள்ள பூங்காக்கள் நிரம்பி வழியும். அக்டோபரும் நவம்பரும் இதமான மாதங்கள்; கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். லாஸ்ட் மேப்பிள்ஸ் போன்ற இடங்களில் இலைகள் சிவக்கும் அந்தச் சில வாரங்களில் நிறுத்த இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மார்ச் நடுவில் ஸ்பிரிங் பிரேக், அதை ஒட்டிப் புளூபானட் பூக்கும் காலம் என்று ஏப்ரல் வரை ஓயாது.

மிச்சம் இருப்பவை இரண்டு இடைவெளிகள். நவம்பர் கடைசியில் வரும் தேங்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த திங்கள் முதல் டிசம்பர் மூன்றாம் வாரம் பள்ளிகள் மூடும்வரை ஒன்று. புத்தாண்டுக்குப் பின் பள்ளி திறந்த நாளிலிருந்து பிப்ரவரி கடைசிவரை மற்றொன்று. நம் கணக்கில் கார்த்திகைப் பின்பாதியும் மார்கழியும் தையும், மாசியில் கொஞ்சமும். நடுவில் இரண்டு நீண்ட வார இறுதிகள் வரும்: ஜனவரி மூன்றாம் திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரி மூன்றாம் திங்கள் பிரசிடென்ட்ஸ் டே. அவற்றை ஊராருக்கே விட்டுவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வார நாள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஞாயிறு மதியத்தைப் பிடியுங்கள். கூடார இடங்களைக் காலி செய்யும் நேரம் பகல் 12 மணி. புதியவர்கள் நுழையும் நேரம் 2 மணி. ஞாயிறு இரண்டு மணிக்கு வாசலில் நின்றால், எதிர்த் திசையில் சைக்கிள் கட்டிய கார்களும் கூரையில் படகு வைத்த டிரக்குகளும் வரிசையாக வெளியேறும். நீங்கள் மட்டும் உள்ளே போவீர்கள். திங்கள் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் போதும், ஞாயிறு பிற்பகலும் ஓர் இரவும் திங்கள் காலையும் கிடைக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால், ஆசிரியர் பணிநாள் என்று பள்ளி விடும் திங்கள்கிழமைகளை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் அவை மாறும் என்பதால் அன்று ஊரே கிளம்பாது.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

டெக்சஸ் மிகப் பெரியது. ஒரு மூலையில் பனி கொட்டும்போது இன்னொரு மூலையில் அரைக்கைச் சட்டை போதும். அதனால் சீசன் இல்லாத காலம் எது என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

தெற்குக் கடற்கரையும் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கும் விதிவிலக்கு. கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் உள்ளேயே தங்கும் வீட்டு வண்டிகளோடு (RV) இறங்கிவந்து மாதக்கணக்கில் தங்குவது ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான். அவர்களுக்கு ‘வின்டர் டெக்சன்ஸ்’ என்றே பெயர். அதே காலத்தில் வெள்ளைக் கூப்பிடு கொக்குகளும் (ஹூப்பிங் கிரேன்) வந்திறங்கும். 1941-இல் இங்கே வரும் கூட்டம் இருபதுக்கும் கீழே போய்விட்டிருந்தது. இன்று ஐந்நூறைத் தாண்டிய அதே கூட்டம் கனடாவிலிருந்து சுமார் 2,500 மைல் பறந்து அரன்சாஸ் சதுப்புக்கு வருகிறது. கூஸ் ஐலண்ட் பூங்காவில் தங்கி அவற்றைப் பார்க்கலாம், கட்டாயம் பாருங்கள். ஆனால் அங்கே தனிமை கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்.

வடமேற்கில் பாலோ டூரோ இருக்கிறது. அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளத்தாக்கு என்று சொல்வார்கள்: ஏறக்குறைய 120 மைல் நீளம், 800 அடி ஆழம். கோடையில் பள்ளத்தாக்கின் அடியில் நடப்பது ஆபத்து. வெயிலில் சுருண்டு விழுந்தவர்களை மீட்பது அங்கே வழக்கமான வேலை. குளிர்காலத்தில் அதே லைட்ஹவுஸ் பாதையில், போகவர ஏறக்குறைய ஆறு மைல், சுகமாக நடக்கலாம். ஆனால் இரவில் உறைநிலைக்குக் கீழே இறங்குவது அங்கே சாதாரணம். டல்லாஸிலிருந்து ஆறு மணி நேர ஓட்டம் வேறு. கொஞ்சம் தள்ளி, கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவில் காட்டெருமைகள் வேலியில்லாமல் கூடாரங்களுக்கு நடுவே நடந்துபோகும். இரண்டும் மூன்றாவது, நான்காவது பயணத்துக்கு உரியவை.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது கேடோ லேக். லூசியானா எல்லையை ஒட்டி, டல்லாஸிலிருந்து மூன்று மணி நேரம். ஏரி என்று பெயரே தவிர, நீருக்குள் நிற்கும் காடு அது. சைப்ரஸ் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். கிளையெல்லாம் சாம்பல் நிறத்தில் தாடி தொங்கும். ஸ்பானிஷ் மாஸ் என்று அழைத்தாலும் அது பாசி அல்ல, அன்னாசிக்குத் தூரத்து உறவு. குளிர்காலத்தில் சைப்ரஸ் இலைகளை உதிர்த்துவிட, தாடிகள் மட்டும் மிஞ்சும். இன்னொரு காரணமும் உண்டு. பெருமந்தக் காலத்தில், 1933-இல் தொடங்கிய வேலைவாய்ப்புத் திட்டத்தின் இளைஞர்கள் கட்டிய சிறு வீடுகள் அங்கே வாடகைக்கு இருக்கின்றன. வானிலை மோசமென்று தெரிந்தால் கூடாரத்தை விட்டுவிட்டு அந்தச் சிறு வீட்டுக்கு மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருக்கும், இடம் காலியாக இருந்தால்.

பதிவும் மூடல் அறிவிப்பும்

கூடார இடத்தை ஐந்து மாதம் முன்பிருந்தும், பகல் நேர அனுமதியை ஒரு மாதம் முன்பிருந்தும் பூங்காத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். ஜனவரி ஞாயிறு இரவுக்கு அவ்வளவு அவசரம் வேண்டியதில்லை. பத்து நாள் முன்னால் பார்த்தாலே போதும். வானிலை முன்னறிவிப்பு ஓரளவு தெளிவாகும்வரை நான் காத்திருப்பேன். ஓர் இடத்தில் பொதுவாக எட்டுப் பேர்வரை தங்கலாம். இடத்துக்கான வாடகை தவிர, பெரியவர்களுக்குத் தலைக்கு நுழைவுக் கட்டணம் தனி. 12 வயதும் அதற்குக் கீழும் இலவசம். ஆண்டு அட்டை ஒன்று வாங்கினால் காரில் இருக்கும் எல்லோருக்கும் நுழைவுக் கட்டணம் ஓராண்டுக்கு இல்லை. வருடத்துக்கு மூன்று முறை போகும் குடும்பம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பூங்காவின் பக்கத்தில் உள்ள மூடல் அறிவிப்பைப் படியுங்கள். குளிர்காலத்துக்கே உரிய பொறி இது. வெள்ளைவால் மான்கள் பெருகிச் செடிகொடிகளை மொட்டையடித்துவிடாமல் இருக்க, குலுக்கலில் தேர்ந்தெடுத்த வேட்டைக்காரர்களைப் பூங்காவுக்குள் விடுகிறார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பெரும்பாலும் வார நாள்களில், அதாவது நாம் விரும்பும் அதே நாள்களில், பூங்கா முழுவதுமோ ஒரு பகுதியோ மூடப்பட்டிருக்கும். என் நண்பர் ஒருவர் பதிவு எதுவும் செய்யாமல், ஒரு பகல் சுற்றிவிட்டு வரலாம் என்று குடும்பத்தோடு நான்கு மணி நேரம் ஓட்டிப்போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வந்தார். அறிவிப்பு இணையப் பக்கத்தில் வாரக்கணக்கில் கிடந்தது. வழியில் வாங்கிய பெக்கான் பருப்புதான் அந்தப் பயணத்தில் அவருக்கு மிச்சம்.

தீத்தடை அறிவிப்பையும் அதே பக்கத்தில் பாருங்கள். குளிர்காலம்தானே, காடு எரியாது என்று நினைக்க வேண்டாம். டெக்சஸ் வரலாற்றிலேயே மிகப் பெரிய காட்டுத்தீ, பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்த தீ, 2024 பிப்ரவரி கடைசியில்தான் வடமேற்கில் மூண்டது. காய்ந்த புல்லும் வறண்ட காற்றும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

வரைபடத்தில் எந்த எண்?

பதிவுப் பக்கத்தில் பூங்கா வரைபடம் இருக்கும். எந்தெந்த இடம் போய்விட்டது என்பதும் தெரியும். கல்யாண மண்டபத்தில் நாற்காலி பிடிப்பது போல முதலில் கண்ணில் பட்டதைத் தட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் செலவழியுங்கள்.

குளிர்காலத்தில் காற்று வடக்கிலிருந்து வரும். இடத்துக்கு வடக்கே அடர்ந்த மரங்களோ மேடோ இருந்தால் பாதிக் குளிர் குறையும். கிழக்கே திறந்திருந்தால் காலை எட்டு மணிக்குள் வெயில் கூடாரத்தின்மேல் விழும். அந்த அரை மணி நேர வெயிலின் அருமை இரவு முழுக்க நடுங்கியவருக்குத்தான் தெரியும். தண்ணீர் ஓரத்து இடம் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தை நோக்கி இறங்கும். கரையோரம் பனியில் நனைந்து, மேட்டை விடச் சில டிகிரி கூடுதலாகக் குளிரும். ஏரியை நடந்துபோய்ப் பார்க்கலாம், மேட்டில் தூங்குங்கள்.

கழிப்பறைக்கு மிக அருகில் வேண்டாம். இரவு முழுக்க விளக்கெரியும், கதவு அடித்துக்கொண்டே இருக்கும். ஐந்தாறு இடம் தள்ளி எடுங்கள். மின் இணைப்பு உள்ள வளையத்தில் (ஒரே வட்டச் சாலையைச் சுற்றி அமைந்த இடங்களில்) வீட்டு வண்டிகள் நிற்கும், அவற்றின் சூடேற்றி விசிறிகள் இரவெல்லாம் முனகும். கூடாரங்களுக்கு மட்டுமான வளையம் அமைதியானது, மின்சாரம் இருக்காது. முதல் முறை போகிறவர்கள் கொஞ்சம் முனகலைப் பொறுத்துக்கொண்டு மின் இணைப்பு உள்ள இடத்தையே எடுங்கள். காரணம் சமையல் பகுதியில் வருகிறது.

தரையிலிருந்து வரும் குளிர்

எங்கள் முதல் குளிர்கால இரவில் எனக்கும் மனைவிக்கும் மேலே மூன்று கம்பளிகள் இருந்தன. கீழே, விருந்தாளிகளுக்காக வாங்கிய காற்று மெத்தை. ஒன்பது மணிக்குச் சுகமாகத்தான் படுத்தோம். ஒரு மணிக்கு முதுகு வழியாகக் குளிர் ஏறியது. பனிக்கட்டிப் பலகைமேல் படுத்தது போல. மேலே போர்த்தியிருந்த ஒரு கம்பளியை உருவிக் கீழே விரித்த பிறகுதான் விடியும்வரை கண் அயர முடிந்தது. காரணம் எளிது. பெரிய காற்று மெத்தைக்குள் காற்று சுழன்றுகொண்டே இருக்கும். உடம்புச் சூட்டை எடுத்துத் தரைக்குக் கொடுத்துவிட்டு, தரைக் குளிரை எடுத்து நமக்குக் கொடுக்கும்.

ஆகவே காசு செலவழிக்க ஓரிடம்தான் உண்டென்றால் அது கீழே விரிப்பதற்கு. உள்ளே பஞ்சோ நுரையோ அடைத்த ஸ்லீப்பிங் பேட்களின் உறையில் ‘ஆர் மதிப்பு’ என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூடக் குளிரைத் தடுக்கும். டெக்சஸ் குளிருக்கு நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. அவ்வளவு விலை கொடுக்க மனமில்லையென்றால் மடிக்கும் நுரைப் பாய் ஒன்றை வாங்கி, அதன்மேல் உங்களிடம் இருக்கும் மெத்தையைப் போடாமல் கம்பளியை இரண்டாக மடித்துப் போடுங்கள்.

உள்ளே நுழைந்து படுக்கும் பையான ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் எழுதிய எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 30 டிகிரி ஃபாரன்ஹீட் என்று எழுதியிருந்தால், அந்தக் குளிரில் தாக்குப்பிடிக்கலாம் என்றுதான் பெரும்பாலும் பொருள், தூங்கலாம் என்றல்ல. எதிர்பார்க்கும் குளிரை விடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைவாக எழுதியதை வாங்குங்கள்.

பகலில் போட்டிருந்த உடையோடு பைக்குள் நுழையாதீர்கள். வியர்வை ஈரம் இரவில் குளிராகத் திரும்பும். உலர்ந்த உள்ளாடை, உலர்ந்த காலுறை, காதை மூடும் குல்லாய். சபரிமலைக்குப் போகிறவர்கள் கட்டும் மஃப்ளர் இங்கேயும் கச்சிதமாக வேலை செய்யும். படுக்கும்முன் உலோக பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, ஒரு காலுறைக்குள் போட்டுக் கால் மாட்டில் வையுங்கள். நாலு மணிவரை சூடு இருக்கும்.

குளிர் வரும் என்று கூடாரத்தின் காற்றுவழிகளை அடைத்துவிடுவதும் புதியவர்கள் செய்யும் தவறு. நான்கு பேர் விடும் மூச்சின் ஈரம் கூரையில் படிந்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும். மேல் வலையைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். கரியடுப்பு, கேஸ் அடுப்பு எதையும், அணைந்ததுபோல் தோன்றினாலும், கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மின்சாரம் போனபோது, வீட்டுக்குள் கரியும் ஜெனரேட்டரும் வைத்துக்கொண்டு இதே டெக்சஸில் உயிரை விட்டவர்கள் உண்டு.

வடக்கத்திக் குளிர்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் சட்டை வியர்க்க நடந்துவிட்டு வருவீர்கள். வடக்கே வானம் கருநீலமாகும். ஒரு மணி நேரத்தில் இருபது, முப்பது டிகிரி விழும். இதை ‘புளூ நார்தர்’ என்பார்கள். 1911 நவம்பர் 11 அன்று பக்கத்து ஓக்லஹோமா சிட்டியில் பகலில் 83 டிகிரி, நள்ளிரவுக்குள் 17. முன்னறிவிப்பில் ‘கோல்ட் ஃப்ரன்ட்’ என்ற சொல்லும் அது வந்துசேரும் மணியும் இருந்தால், அன்றைய அதிகபட்ச வெப்பநிலையைப் பார்த்து மகிழாதீர்கள்.

அடுப்பு, குக்கர், ரக்கூன்

மின் இணைப்பு உள்ள இடத்தில் வீட்டு வண்டிக்கான பெரிய சாக்கெட்டோடு, சாதாரண பிளக் பாயின்ட்டும் பெரும்பாலும் இருக்கும். வெளிப்புறத்துக்கான நீண்ட எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று கொண்டுபோனால் எலெக்ட்ரிக் குக்கரும் கெட்டிலும் ஓடும். கொட்டும் பனியில் சைப்ரஸ் மரத்தடியில் குக்கரின் பித்தான் ‘டக்’கென்று மேலே எழும் சத்தத்தைக் கேட்டவர்கள் பிறகு கேம்பிங்குக்குப் பயப்பட மாட்டார்கள். சூடான சோறு, வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சல், சுட்ட அப்பளம், தொட்டுக்கொள்ள ஊறுகாய். முதல் பயணத்துக்கு இதற்கு மேல் சமைக்க நினைக்காதீர்கள். ஐந்தரைக்கே இருட்டிவிடும் நாளில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை.

அடுப்பு வேண்டுமென்றால் பச்சை நிறச் சிலிண்டரில் ஓடும் புரோபேன் அடுப்பு வாங்குங்கள். நம் வீடுகளில் தோசை மேளாவுக்காக வைத்திருக்கும் ஒற்றை பியூட்டேன் அடுப்பை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு ஜனவரிக் காலை. வெப்பமானி 28 காட்டியது. குமிழைத் திருப்பினால் நெருப்பு ஊசி முனையளவுக்கு நீலமாக எட்டிப்பார்த்துவிட்டுச் செத்துப்போனது. டப்பாவைக் குலுக்கினால் உள்ளே திரவம் ‘களக், களக்’ என்கிறது. பியூட்டேன் 31 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஆவியாகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. டப்பாவை மனைவி தன் கோட்டுக்குள் பதினைந்து நிமிடம் அடைகாத்த பிறகுதான் ஒரு குவளை இஞ்சித் தேநீருக்கு வழி பிறந்தது. மறந்தும் டப்பாவை நெருப்பருகே காட்டாதீர்கள். புரோபேனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது உறைநிலைக்கு எவ்வளவோ கீழேயும் எரியும்.

சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும், குப்பைப் பை, எண்ணெய்க் குப்பி, பற்பசை உட்பட, காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். ரக்கூன்களுக்குக் குளிர்காலத்திலும் பசிக்கும், கூலரின் கொக்கியைத் திறக்கவும் தெரியும். சிவபூஜையில் கரடி புகுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் தயிர்சாதத்தில் புகுந்தது ரக்கூன்.

பூங்காவில் விறகு பொறுக்கக் கூடாது. வீட்டிலிருந்தும் கொண்டுபோகாமல், பூங்காவுக்கு அருகிலேயே வாங்குங்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விறகோடுதான் ஊர்விட்டு ஊர் போகின்றன. மதுவைப் பொதுவில் வைத்துக் குடிப்பது டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் சட்டப்படி குற்றம்.

வழியில்

காரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. பத்து டிகிரி குளிர்ந்தால் டயரில் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ காற்றழுத்தம் குறையும். முதல் நாள் பார்த்துவிடுங்கள். மேற்கே போனால் பெட்ரோல் பாதி டேங்க் வந்ததும் நிரப்புங்கள். அலைபேசி பல பூங்காக்களில் செத்துவிடும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டு, பதிவுச் சீட்டை அச்செடுத்து வையுங்கள்; சில பூங்காக்களின் இரவு வாயிற்கதவு எண் மின்னஞ்சலில் வந்திருக்கும், அதையும் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

மானைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அந்தி மயங்கும் நேரத்தில் சிறு சாலைகளில் மான் குறுக்கே பாயும். ஒன்று பாய்ந்தால் பின்னாலேயே இரண்டாவது வரும். முதல் மான் போனதும் வேகமெடுத்தால் இரண்டாவதில் மோதுவீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள். டிசம்பரில் ஐந்தரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும் என்பதால், காலை எட்டு, ஒன்பது மணிக்குள் கிளம்பினால்தான் கணக்கு சரியாக வரும்.

பதினான்கு மணி நேர இரவு

போய்ச் சேர்ந்ததும் முதலில் கூடாரம், பிறகுதான் சுற்றிப்பார்ப்பது. புதுக் கூடாரம் என்றால் வீட்டு வரவேற்பறையில் ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். கம்பி எண்ணிக்கை குறைவாக இருப்பதைக் காட்டில் கண்டுபிடிப்பதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. கதவு தெற்கே பார்க்கட்டும். மேல்துணியின் கயிறுகளைக் காற்று இல்லாத நாளிலும் கட்டிவிடுங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு: டிசம்பர் இரவு இங்கே பதினான்கு மணி நேரம். ஆறரைக்குச் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினால், படுக்க இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். பிள்ளைகள் ‘இப்போது என்ன செய்வது’ என்று கேட்பார்கள். அந்த மூன்று மணி நேரத்தை நிரப்ப யோசிக்காததால்தான் பலர் பாட்டுப்பெட்டியைத் திருப்புகிறார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்பது விதி. ஆனால் ஜனவரித் திங்கள் இரவில் எட்டு மணிக்கே உங்கள் பேச்சு கால் மைல் கேட்கும். ஆறு குடும்பம் சேர்ந்து கிளம்புவது நம் வழக்கம். அதற்குக் குறை சொல்லவில்லை. அந்தப் பயணம் வேறு, இது வேறு. இதற்கு இரண்டு குடும்பம் அதிகபட்சம்.

சீட்டுக்கட்டு, பல்லாங்குழி, ஆளுக்கொரு ஹெட்லாம்ப்போடு ஒரு புத்தகம். வானம் தெளிவாக இருந்தால் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இருபது நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். குளிர்கால வானத்தில் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் மூன்று நட்சத்திர இடுப்புவாரைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அதன் தோள்பட்டையில் சிவப்பாகத் தெரிவதுதான் நம் திருவாதிரை. அங்கிருந்து வலப்பக்கம் மேலேறினால் ரோகிணி, இன்னும் தள்ளி ஒரு கொத்தாகக் கார்த்திகை. என்சாண்டட் ராக் போல இருண்ட வானத்துக்கென்றே சான்று பெற்ற பூங்காவில் இதையெல்லாம் பார்க்கும்போது தாத்தாவின் மொட்டைமாடி நினைவுக்கு வருகிறது.

காலையில் யார் முதலில் எழுவது என்பதில் போட்டி இருக்காது. ஆனால் ஒருவராவது ஏழு மணிக்கு எழுந்து தண்ணீர் ஓரம் போய்விடுங்கள். கேடோ லேக் பூங்காவின் சா மில் பாண்ட் குளக்கரையில், ஒரு திங்கள்கிழமை, நான் தனியாக நின்றேன். நீர்மேல் பனிப்புகை முழங்கால் உயரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. சைப்ரஸ்களின் அடிப்பாகம் மறைந்து, மரங்கள் அந்தரத்தில் நின்றன. நாரை ஒன்று அசையாமல் நின்றதை அது பறக்கும்வரை நான் குச்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் அலைபேசி இருந்தது. எட்டரை மணிக்கு அலுவலகக் கூட்டம் இருந்திருக்க வேண்டிய நாள். சிக்னல் இல்லை.

கிளம்பும்போது

அடுப்புச் சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றிப் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் ஒரு வாளி. மேசையடியில் அப்பளத் துண்டு, எலுமிச்சைத் தோல் கிடந்தால் பொறுக்கிவிடுங்கள். தோல் மக்கிவிடும் என்று சொல்வார்கள், குளிரில் அது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

கூடாரம் ஈரமாகத்தான் இருக்கும். பனி உலரும்வரை காத்திருந்தால் பன்னிரண்டு மணி ஆகிவிடும். ஈரத்தோடு சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். ஆனால் அன்று இரவே வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை நாற்காலிகள் நான்கையும் எதிரெதிராக நிறுத்தி அதன்மேல் விரிப்போம். செவ்வாய் இரவுவரை எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.